ஆளைத் துரத்தாதீர்கள், இடத்தைப் பிடியுங்கள்

தெருவில் சிரிப்பு வரும்படி ஒரு படம் எடுக்க ஆசையா? ஆளைத் தேடி அலைய வேண்டாம். முதலில் நல்ல பின்னணியைப் பிடித்து நில்லுங்கள், ஆள் தானாக வருவார்.

கோவை ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசல். பட்டுச்சேலை கட்டிய பொம்மைக்கு எதிரே இருபது நிமிஷம் நின்றேன். வெயில் தாங்காமல் ஒரு பெரியவர் கடையோரம் ஒதுங்கினார். பொம்மையின் நீட்டிய கையில் தன் மஞ்சப்பையை மாட்டிவிட்டு, துண்டை உதறி முகம் துடைத்தார். பொம்மை சந்தைக்குக் கிளம்பிய மாதிரியே இருந்தது! அந்த மஞ்சப்பைதான் படம்.

கேமராவில் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும், அப்பர்ச்சர் (லென்ஸின் துவார அளவு) எஃப்/8 வையுங்கள். பொம்மையும் ஆளும் சேர்ந்து தெளிவாக விழுந்தால்தான் வேடிக்கை புரியும். போன் என்றால் பர்ஸ்ட் முறையில் தொடர்ந்து எடுங்கள், ஒன்றாவது தேறும். ஜூம் வேண்டாம், இரண்டடி முன்னால் போய் நில்லுங்கள்.

அப்புறம், எடுத்த படத்தை அவரிடமே காட்டுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள். எனக்கு இது கண்டிப்பான விதி. அந்தப் பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் தம்பி, பையி நல்லா விழுந்திருக்குதுங்களா?”