சம்பா மூழ்கிவிட்டதா? முதலில் வடிகாலைப் பாருங்க

நாகை, மயிலாடுதுறை கடைமடையில் (ஆற்றுப் பாசனத்தின் கடைசிப் பகுதி) ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வயல் மூழ்கும். போன வருஷக் கடனே அடையாமல் இருக்கும்போது இந்த வருஷமும் மூழ்கினால் அடுத்த நடவுக்கு யாரிடம் போய் நிற்பது?

முதல் வேலை வடிகால். உங்கள் வயல் மடையை மட்டும் வெட்டிப் பிரயோஜனமில்லை, கீழே வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் தண்ணீர் திரும்பவும் உங்களிடமே வரும், அதனால் ஊரே சேர்ந்து இறங்கணும்.

தண்ணீர் வடிந்ததும் உடனே யூரியாவை அள்ளி வீசாதீங்க. ஒரு பயிரைப் பிடுங்கிப் பாருங்க: வேர் வெள்ளையாக இருந்தால் தேறும், கறுத்து அழுகல் வாடை அடித்தால் கஷ்டம்தான். தேறுகிற பயிர் மஞ்சளித்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

வடிவதற்கு முன்பே போட்டோ எடுத்து விஏஓவிடம் சொல்லிவிடுங்க, வடிந்த பிறகு வருகிற கணக்கெடுப்பில் பாதிப்பு குறைவாகத்தான் தெரியும். பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம், அதற்குத் தேவையான அடங்கல் (என்ன பயிர் வைத்திருக்கிறோம் என்ற சான்று) வாங்கவே கூட்டம் அள்ளும்.

அப்புறம், பள்ளக்கால் வயலுக்கு அடுத்த முறை சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரக விதையைக் கேளுங்க. இளம்பயிராக முழுசாக மூழ்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும், கதிர் வந்தபின் மூழ்கினால் அதுவும் தாங்காது.