ஹெலிகாப்டர்ல ஊர் சுத்திப் பார்க்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் முக்கால்வாசி வீட்டுல ஒரு பிள்ளையாவது வெளிநாட்டுல இருக்கு, அப்பச்சியும் ஆத்தாவும் பார்க்கப் போனா ஆசையா ஹெலிகாப்டர் டூர் புக் பண்ணிக் குடுத்துடுறாங்க. கானாடுகாத்தான்ல ஒரு மணிவிழா வீட்டு முகப்புல உக்காந்து இதான் பேச்சு, மகன் நியூயார்க்குல டிக்கெட் போட்டுட்டானாம், "மேல டவர்லேர்ந்து பார்த்துக்குவாங்கல்ல தம்பி, நமக்கென்ன"ன்னு அந்த வீட்டு ஆச்சி கேட்டாங்க.

அப்படி நம்புறதுதான் முதல் தப்பு. நியூயார்க்குல ஹட்சன் ஆத்துக்கு மேல தாழ்வா பறக்குற பாதைல டவர்காரங்க, அதான் கீழ இருந்து விமானங்களுக்கு வழி சொல்றவங்க, ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியா விலக்கி விடுறதில்ல, பைலட்டுங்களே ஒரு பொது ரேடியோவுல "நான் இங்க இருக்கேன்"னு சொல்லிக்கிட்டு, கண்ணால பார்த்து விலகிப் போகணும். 2009 ஆகஸ்ட் 8ல அங்கதான் டூர் ஹெலிகாப்டரும் ஒரு சின்ன விமானமும் மோதி 9 பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் சும்மா கடந்து போறவங்களுக்கு ஒரு உயரம், ஊர் சுத்திக் காட்டுறவங்களுக்கு அதுக்குக் கீழன்னு பிரிச்சாங்க, வேகத்துக்கும் வரம்பு வச்சாங்க.

ஆஸ்திரேலியா கோல்டு கோஸ்ட்ல 2023 ஜனவரி 2 நடந்தது இன்னும் மனச உலுக்குது, ஒரே கம்பெனியோட ரெண்டு ஹெலிகாப்டர், ஒண்ணு கிளம்புது ஒண்ணு இறங்குது, நடுவானத்துல மோதி 4 பேர் போயிட்டாங்க. இறங்கிட்டு இருந்த வண்டில பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தர் இன்னொண்ணு வர்றதப் பார்த்து பைலட்ட உஷார் பண்ணப் பார்த்திருக்காரு, நேரம் பத்தல. அதனால பைலட்டுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு வாய மூடிட்டு இருக்காதீங்க, பக்கத்துல எது பறந்தாலும் ஹெட்செட்ல உடனே சொல்லுங்க. புக் பண்றப்பவே பக்கத்துல வர்ற வண்டிய எச்சரிக்கிற கருவி இருக்கான்னு கேட்டுடுங்க, நம்ம ஊர்ல ஏறுறதா இருந்தா டிஜிசிஏ, அதான் நம்ம நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு, குடுத்த பெர்மிட் இருக்கான்னும் கேளுங்க, கேக்குறதுல கூச்சமே வேண்டாம்.

அடுத்தது பெல்ட். போட்டாப் போதாது, கழட்டத் தெரியணும். 2018 மார்ச் 11ல நியூயார்க் ஈஸ்ட் ரிவர்ல கதவில்லாத ஹெலிகாப்டர்ல போட்டோ எடுக்கப் போனவங்கள விழாம இருக்க முதுகுப் பக்கம் பட்டை மாட்டிக் கட்டியிருந்தாங்க, அதுல ஒரு பட்டை எரிபொருள நிறுத்துற லீவர்ல மாட்டி இன்ஜின் நின்னுபோச்சு. தண்ணில கவுந்ததும் பைலட் வெளிய வந்துட்டாரு, கட்டியிருந்த 5 பேரும் வர முடியல. அவசரத்துல சட்டுனு கழட்ட முடியாத பட்டையோட அந்த மாதிரிப் பறக்கக் கூடாதுன்னு பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ தடை போட்டுச்சு. ரீல்ஸுக்காக கதவில்லாத டூர் கேக்குற பசங்ககிட்ட இதச் சொல்லுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கண்ண மூடிட்டு பெல்ட்ட ரெண்டு தடவ கழட்டிப் பாருங்க, லைஃப் ஜாக்கெட் பை பெல்ட்டுக்கு அடியில சிக்காமப் பாருங்க, அத ஊதுறது வெளிய வந்ததுக்கு அப்புறந்தான், உள்ளயே ஊதிட்டா மிதந்து கூரைல ஒட்டிக்கிட்டு வாசல் பக்கமே போக முடியாது.

எடைய குறைச்சுச் சொல்லாதீங்க, யார எங்க உக்கார வைக்கிறதுன்னு அத வச்சுத்தான் கணக்குப் போடுறாங்க. பட்டுச்சேலைல போற ஆச்சிங்க முந்தானைய இறுக்கிச் சொருகிக்கணும், துப்பட்டா தொப்பி எல்லாம் பைக்குள்ள. வால் பக்கம் போகவே கூடாது, அங்க சுத்துற விசிறி கண்ணுக்கே தெரியாது.

கடைசியா, காசு கட்டியாச்சேன்னு வானிலை சரியில்லாதப்ப ஏத்தச் சொல்லி நெருக்காதீங்க. கேதார்நாத்ல 2025 ஜூன் 15ல ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் செத்துப் போனது விடியக்காலை மேகமூட்டத்துல. நம்ம பக்கத்துலேர்ந்து யாத்திரை போறவங்க எத்தன பேரு அந்த ஹெலிகாப்டர்ல ஏறுறாங்க! ரத்து பண்ணா பணம் திரும்ப வருமான்னு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிட்டா, அன்னைக்கு வேண்டாம்னு சொல்ல மனசு தடுமாறாது.