மஸ்கிக்கு ரப்பர் எறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூண்டில் கம்பால் இழுத்துவிட்டுக் கையை முன்னே கொண்டுபோகும்போது, ரப்பர் என்று நாங்கள் சொல்லும் மென்பிளாஸ்டிக் போலி இரை தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும். அந்த ஓரிரு நொடியில்தான் மஸ்கி என்ற பெரிய ஏரி மீன் பெரும்பாலும் வந்து கவ்வும். இதை முதல் வருடமே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு பருவங்கள் வீணாகியிருக்காது.

ரொறன்ரோவிலிருந்து கவார்த்தா ஏரிகளுக்கு ஒன்றரை, இரண்டு மணிநேர ஓட்டம். பிஜன், ஸ்ரேர்ஜன், பக்ஹோர்ன், செமோங் என்று வரிசையாக ஏரிகள். எல்லாவற்றிலும் மஸ்கி உண்டு. சனிக்கிழமை விடியுமுன் தூண்டிலோடு அங்கே புறப்படும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். பாஸ், பேர்ச் என்று தொடங்கியிருப்பார்கள். ஒருநாள் படகுக்குப் பக்கத்தில் மூன்றரை அடி நீளத்தில் ஒரு நிழல் வந்து நின்று, பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். அதற்குப் பிறகு வேறு மீன் மனதில் நிற்காது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மஸ்கியின் முழுப்பெயர் மஸ்கலஞ்ச். ஒஜிப்வே பூர்வகுடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். உடல்வாகைப் பார்த்தால் நம்மூர்ச் சீலா நினைவுக்கு வரும். வாய் மட்டும் வாத்தின் அலகு போலத் தட்டையாக, உள்ளே ஊசி ஊசியாகப் பற்கள். பத்தாயிரம் தரம் எறிந்தால்தான் ஒன்று கிடைக்கும் என்று இங்கே காலங்காலமாகச் சொல்வார்கள். மென்பிளாஸ்டிக்கில் செய்த பெரிய லூர்களை, அதாவது போலி இரைகளை, மஸ்கிக்காரர்கள் சுருக்கமாக ரப்பர் என்பார்கள். தடித்த உடல், உள்ளே எடையும் ஒரு கம்பியும், வயிற்றில் தொங்கும் மூன்று முனை முட்கள், பின்னால் சுருள்வால். புல்டாக் என்ற லூர்தான் இதில் எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று வால் கொண்ட மெடுசாவும் பலருடைய பெட்டியில் இருக்கும்.

கம்புக்குத் தாங்காத ரப்பர்

பெரிய மீனுக்குப் பெரிய லூர் என்று நினைத்துக் கடையில் இருப்பதிலேயே பெரியதைத் தூக்குவது முதல் தவறு. புல்டாக்கில் சாதாரண அளவு ஏறக்குறைய 9 அங்குலம். அதற்கு மேலே உள்ள மக்னம் 12 அங்குலம், எடை அரை இறாத்தல் வரும். பவுண்டர் என்பது பெயரே சொல்வதுபோல ஒரு இறாத்தல். அதை நாள் முழுக்க எறிந்து இழுத்துப் பாருங்கள், மதியத்துக்குமுன் தோள் விட்டுப்போகும். தோள் களைத்தால் இழுப்பு சோரும். இழுப்பு சோர்ந்தால் ரப்பர் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

நான் செய்தது இன்னும் மோசம். பாஸுக்கு வைத்திருந்த கம்பில் மக்னத்தைக் கட்டி முழுவேகத்தில் வீசினேன். ரீலில் நூல் சிக்கியது, லூர் போன வேகத்தில் நூல் அறுந்தது, 30 டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது முதல் வீச்சிலேயே ஏரிக்குள் போனது. பணத்தைவிட, அந்த முட்களோடு அது அடியில் கிடக்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

9 அங்குல ரப்பரோடு தொடங்குங்கள். எட்டரை அடிக்குக் குறையாத, மஸ்கிக்கென்றே செய்த தடித்த கம்பு வேண்டும். 80 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் வேண்டும், மக்னத்துக்கு 100. சாட்டை சொடுக்குவதுபோல வீசாமல் கம்பின் முழு நீளத்தையும் பயன்படுத்தி நிதானமாகச் சுழற்றி விடுங்கள். லூர் நீரைத் தொடும் முன்பே பெருவிரலால் ரீலை மெல்ல அழுத்துங்கள். நூல் சிக்கலில் பாதி அங்கேயே தீரும்.

தொய்வு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

புதியவர்கள் ரப்பரை இரண்டு விதமாகக் கெடுப்பார்கள். ஒன்று, எறிந்தவுடன் ரீலைச் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் நேர்கோட்டில் வரும், வாலும் ஆடும், சில நாட்களில் மீனும் பிடிபடும். ஆனால் அதற்கு ரப்பர் தேவையில்லை, வேறு மலிவான லூரே போதும். மற்றது, வெறிபிடித்தவர்போலக் கம்பை வெடுக் வெடுக்கென்று இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே நூலை முழுவதுமாகத் தளரவிடுவது. இதில் ரப்பர் அழகாகத்தான் ஆடும். மீனும் வந்து கவ்வும். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ரப்பர் மென்மையானது என்பதால் மஸ்கி உடனே துப்பாமல் கொஞ்சம் வைத்திருக்கும் என்பது உண்மைதான். அந்தக் கொஞ்ச நேரமும் நூல் நீரில் சுருண்டு கிடந்தால் என்ன பயன்?

சரியான முறை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கம்பின் நுனி நீர்மட்டத்துக்கு அருகே, லூரைப் பார்த்தபடி இருக்கட்டும். பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இரண்டு மூன்று அடி இழுங்கள். பிறகு கம்பை லூர் இருக்கும் திசைக்கே திரும்பக் கொண்டுபோங்கள். அப்படிக் கொண்டுபோகும்போதே ரீலைச் சுற்றி நூலை எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் ரப்பர் தலைகுனிந்து இறங்காது, நூலில் தொங்கும். துணி எதுவும் போடாத கொடிக்கயிறு இரண்டு மரத்துக்கு நடுவே எவ்வளவு தொய்ந்திருக்கும்? அவ்வளவுதான் வேண்டும். ரப்பர் சுதந்திரமாக இறங்குவதற்கு அது போதும், கவ்வினால் உங்கள் கைக்குச் செய்தி வருவதற்கும் போதும்.

இழுப்பு எல்லா நேரமும் ஒரே நீளமாக இருக்கத் தேவையில்லை. ஒரு நீள இழுப்பு, இரண்டு குட்டை இழுப்பு, அப்புறம் சற்று நீண்ட இடைவெளி என்று மாற்றிப் பாருங்கள். பின்தொடர்ந்து வரும் மீன் பல தடவை அந்த மாற்றத்தில்தான் முடிவெடுக்கும். மீன் கவ்விய இழுப்பு எப்படி இருந்தது என்பதை நினைவில் வையுங்கள், அன்றைய நாளுக்கு அது உதவும்.

இறங்கும்போது நூலைப் பாருங்கள். கவ்வுவது எப்போதும் இடிபோல் வராது. நூல் ஒரு துள்ளுத் துள்ளும். இல்லையென்றால் இறங்கிக்கொண்டிருந்த நூல் பாதியில் நின்றுவிடும். நீர்க்களையில் மாட்டியதுபோல ஒரு கனம் தெரியும். மீன் கவ்விக்கொண்டு உங்களை நோக்கியே நீந்தினால் அடுத்த இழுப்பில் எடையே இருக்காது, லூர் அறுந்துபோனது போலிருக்கும். சந்தேகம் வந்தால் அடியுங்கள், அதாவது முள் ஏறும்படி கம்பை வீசி இழுங்கள். களையாக இருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

எவ்வளவு ஆழத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படகோரத்தில் லூரை நீருக்குள் விட்டு, கண்ணிலிருந்து மறையும்வரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ரப்பரும் இறங்கும் வேகம் வேறு. கவார்த்தா ஏரிகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை, களை நிறைந்தவை. அடர்ந்த களைக்குள் ரப்பரை இழுத்தால் ஒவ்வொரு வீச்சும் பச்சைக் கட்டாகத் திரும்பி வரும். களை முடிந்து ஆழம் தொடங்கும் வெளிவிளிம்பில் எறியுங்கள். அங்கேதான் மஸ்கி பதுங்கியிருந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்.

முள் ஏன் ஏறுவதில்லை

மஸ்கியின் பற்கள் ரப்பருக்குள் ஆழமாக இறங்கிவிடும். அப்படி இறங்கிய பின் நீங்கள் இழுத்தால் லூர் வாய்க்குள் நகராது. மீனின் தலைதான் உங்கள் பக்கம் திரும்பும். முள் எங்கேயும் குத்தியிருக்காது. சில நொடி சண்டை, பிறகு அது வாயைத் திறக்கும், லூர் பல் அடையாளங்களோடு திரும்பி வரும். மரத்தில் செய்த லூரைவிட ரப்பரில் இந்த ஏமாற்றம் அதிகம். வாய்க்குள் ரப்பர் நகர வேண்டும், அதற்கு முரட்டுப் பலம் வேண்டும்.

ஆகவே முதலில் தொய்வைச் சுற்றி எடுங்கள், எடை தெரிந்ததும் கம்பைத் தாழ்வாகப் பக்கவாட்டில், இடுப்பைத் திருப்பி, முழுப் பலத்தோடு வீசி இழுங்கள். கம்பு வளைந்தபடியே இருக்கட்டும், ரீலை நிறுத்தாதீர்கள். கம்பைத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பது வேண்டாம். பலமும் குறைவு, மீன் மேலே எழும்பி வாயைத் திறந்து தலையை உதறும். முள் ஏறாவிட்டால் அரை இறாத்தல் எடையும் ஆறு முனைகளும் உங்கள் முகத்தை நோக்கிப் பறந்து வரும். கண்ணாடி போடாமல் மஸ்கிக்குப் போகவே கூடாது.

ரீலிலிருந்து நூல் எவ்வளவு இறுக்கத்தோடு வெளியேறும் என்பதைத் தீர்மானிக்கும் டிராக் தளர்வாக இருந்தால் அடிக்கும் பலம் முழுவதும் ரீல் வழுக்குவதிலேயே போய்விடும். அடிக்கும்போது இறுக்கமாக இருக்கட்டும், மீன் படகுக்கு அருகே வந்து திமிறும்போது சற்றுத் தளர்த்தலாம். முட்களை அரத்தால் தீட்டுங்கள். கடையிலிருந்து வந்த புது முள்ளும் பல தடவை போதாது. நகத்தில் வைத்து லேசாக இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். இன்னொன்று: முள்முனை ரப்பரின் உடலிலேயே குத்தி மாட்டியிருக்கும். சில வீச்சுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வால் முள்ளில் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படகோரம்

லூர் படகுக்கு அருகே வந்ததும் தூக்கிவிடுவது எல்லா லூருக்கும் பொதுவான தவறு. கடைசிவரை பின்னாலேயே வந்து படகுக்குப் பக்கத்தில் கவ்வும் மீன்கள் ஏராளம். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் நூலை ஓர் அடி ஒன்றரை அடிக்குச் சுருக்கி, கம்பு நுனியை நீருக்குள் ஆழமாக விட்டு எட்டு வடிவம் போடுங்கள். ரப்பரில் மட்டும் ஒரு திருத்தம். கனமான ரப்பரைச் சிறு வளைவில் திருப்பினால் அது நின்று அடிக்கு இறங்கத் தொடங்கும். அகன்ற நீள்வட்டமாக, திரும்புமிடத்தில் வேகத்தைக் கூட்டிச் சுற்றுங்கள். மீன் தெரியாவிட்டாலும் இரண்டு சுற்று.

குளிரும் சூடும்

ஒக்டோபர், நவம்பரில் நீர் குளிர்ந்தபின் பெரிய ரப்பருக்குத் தனி மதிப்பு. அப்போது கோடையின் வேகத்தில் இழுப்பது தவறு. இழுப்பைக் குறைத்து, இறங்கும் நேரத்தைக் கூட்டுங்கள். குளிரில் ரப்பரும் விறைக்கும், வால் ஆடாது. புறப்படும்முன் கையில் எடுத்து வளைத்துப் பார்த்து, மென்மையானதைக் கட்டுங்கள்.

கோடையில் வேறு கவலை. மேல்நீரின் வெப்பநிலை 27 பாகை செல்சியஸை நெருங்கினால் மஸ்கியை விட்டுவிட்டு வேறு மீனுக்குப் போங்கள். சூடான நீரில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும் பிறகு இறந்துபோகலாம்.

பெட்டிக்குள் நடப்பவை

ரப்பரை மற்ற லூர்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். மென்பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய் மற்ற லூரின் பூச்சைக் கரைக்கும், சில பெட்டிகளையே உருக்கும். வெள்ளை ரப்பரைக் கறுப்போடு வைத்தால் நிறம் ஊறிவிடும். வாலை மடித்து வைத்தால் மடிந்தபடியே நிற்கும், நீரில் லூர் புரண்டு சுழலும். தொங்கவிட்டு வைப்பதே நல்லது. மடிந்துபோனதைக் கொதித்திறக்கிய நீரில் சில நொடி தோய்த்து, நேராக்கி, குளிர்ந்த நீரில் விட்டால் சரியாகும். பல் கிழித்த இடத்தைச் சூடாக்கிய பழைய கத்தியால் இரு பக்கமும் உருக்கி ஒட்டலாம். வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. பிய்ந்த துண்டுகளை ஏரியில் எறியாதீர்கள், மீன்கள் விழுங்கும்.

மீன் வலைக்குள் வந்த பிறகு

இங்கேதான் தவறுக்கு விலை அதிகம். மஸ்கி பெரிதாகப் பல வருடங்கள் எடுக்கும். பெரிய பெண்மீன் ஒன்றுக்கு 15 வயதுக்கு மேலும் இருக்கலாம். ஒன்ராறியோவில் வைத்திருக்கக்கூடிய அளவு இடத்துக்கு இடம் மாறும், குறைந்த எண்ணிக்கை மீன்களையே வைத்திருக்க அனுமதிக்கும் கொன்சர்வேஷன் உரிமத்தில் மஸ்கி ஒன்றுகூட வைத்திருக்க முடியாது. மீன் குழம்பு நமக்குப் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் இந்த மீனை விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

முதல் வீச்சுக்கு முன்பே நீண்ட மூக்குக் குறடு, முள்ளை வெட்டும் சிறிய போல்ட் கட்டர், அளவுகோல் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் பூசிய பெரிய வலை வேண்டும். வலைக்குள் வந்த மீனைப் படகில் ஏற்றாமல் நீரிலேயே வையுங்கள். முள் எளிதில் கழலாவிட்டால் போராடாமல் வெட்டிவிடுங்கள், முள்ளுக்குச் சில டொலர்தான். படம் எடுக்க வேண்டுமென்றால் கமரா தயாரான பிறகே தூக்குங்கள். ஒரு கை செவுள் மூடிக்கு உள்ளே, செவுளைத் தொடாமல், மறு கை வயிற்றின்கீழ், மீன் கிடைநிலையில். தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையே அதைக் காயப்படுத்தும். தூக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு வேண்டும்போது மீனுக்கும் வேண்டும்.

பிறகு வாலடியைப் பிடித்து நீரில் நிமிர்த்தி வைத்திருங்கள். அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள், சில நேரம் பல நிமிடம் எடுக்கும். அது போனதும் லீடரை, அதாவது மீனின் பல் நூலை அறுக்காதபடி லூருக்கு முன்னே கட்டும் துண்டை, விரலால் தடவிப் பாருங்கள். கீறல் தட்டுப்பட்டால் புதியதைக் கட்டிவிட்டு எறியுங்கள்.