ஏ.இ.ஓ. அப்பாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

அப்பா போன மூன்றாவது மாதம், பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார் அம்மா. உள்ளே அப்பாவின் டைரிகள் 22, ஒரு கட்டு மாறுதல் உத்தரவுகள், ஓய்வூதியப் புத்தகம், பள்ளிக்கூட வாசல்களில் வரிசையாக உட்கார்ந்து எடுத்த குரூப் போட்டோக்கள். எடைக்குப் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்டான். எனக்கு மனசு வரவில்லை. ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டு 96 பக்கத்தில் அப்பாவை எழுதி முடித்தேன். உங்கள் வீட்டிலும் ஆசிரியராகவோ, பள்ளி ஆய்வாளராகவோ இருந்த ஒருவரின் பெட்டி இருந்தால், எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

அப்பா 1938-ல் பிறந்தார். 1958-ல் போளூர் பக்கம் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். தலைமையாசிரியராகி, பிறகு பள்ளிகளை ஆய்வு செய்யும் உதவிக் கல்வி அலுவலராகி (ஏ.இ.ஓ.), 1996-ல் 58 வயதில் ஓய்வு பெற்றார். இந்த இரண்டு வரியை எழுதவே எனக்கு நாலு மாதம் பிடித்தது. வீட்டில் ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். ஆகவே எழுத உட்காருவதற்கு முன் ஒரு வருட அட்டவணை போடுங்கள்.

அதற்கு முதல் ஆதாரம் பணிப்பதிவேடு. எந்தத் தேதியில் எங்கே சேர்ந்தார், எப்போது மாறுதல், எத்தனை நாள் மருத்துவ விடுப்பு, எல்லாம் அதில் இருக்கும். பலர் அதன் இரண்டாம் படியை வீட்டில் வைத்திருப்பார்கள், முதலில் அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் எழுதலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் பெயரில் விண்ணப்பிப்பது நல்லது, நாங்கள் அம்மா பெயரில்தான் போட்டோம். ஒரு அலுவலகத்தில் கோப்பே இல்லை என்றார்கள். பயப்பட வேண்டாம், மாறுதல் உத்தரவுகளை வைத்தே அந்த இடைவெளியை நிரப்பிவிட்டேன்.

அட்டவணை போடும்போது பெயர்கள் குழப்பும். பழைய தாள்களில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-ல் அது பிரிந்து போளூர் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்தது. பதவியும் அப்படித்தான். பள்ளித் துணை ஆய்வாளர் என்பது உதவிக் கல்வி அலுவலர் ஆனது, அப்புறம் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர், 2018 முதல் வட்டாரக் கல்வி அலுவலர். ஊர்க்காரர்களுக்கு எல்லாக் காலத்திலும் அவர் 'இன்ஸ்பெக்டர்'தான். இன்னொன்று: ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல்தான் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அதற்கு முந்தைய தாள்களைத் தேடினால் ஒன்றிய அலுவலகத்தையும் கேட்க வேண்டிவரும்.

சரி, இப்போது நான் மிகவும் சொல்ல நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் டைரிகள் சுற்றுப்பயண டைரிகள். எந்த ஊர், எந்தப் பள்ளி, எத்தனை கிலோமீட்டர், பிள்ளைகள் வருகை எவ்வளவு என்பது மட்டும்தான். அதை மட்டும் படித்தால் அவருக்கு வீடே இல்லை என்று தோன்றும். ஆனால் அம்மாவிடம் வரவு செலவு நோட்டுகள் இருந்தன. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு பார்த்தவள். இரண்டு பேரேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எனக்குக் கைப்பழக்கம். அதேபோல அப்பாவின் டைரியையும் அம்மாவின் நோட்டையும் தேதி வாரியாக வைத்துப் பார்த்தேன்.

1983-ல் ஒரு நாள். அப்பாவின் டைரியில், 'ஜமுனாமரத்தூர். மலைப்பள்ளி 2 பார்வை. இரவு தங்கல்' என்று இருக்கிறது. மறுநாளுக்குத் திட்டமிட்டிருந்த இரண்டு பள்ளிகளின் பெயரை அடித்துவிட்டு, 'வீடு' என்று ஒரே ஒரு சொல். அம்மாவின் நோட்டில் முதல் நாள், 'சின்னவனுக்குக் காய்ச்சல். டாக்டர் 10.00'. மறுநாள், 'பால் அரை லிட்டர் கூட'. நோட்டைக் காட்டி அம்மாவிடம் கேட்டேன். மலைக்குப் போகும் கடைசி பஸ் கண்டக்டரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினாராம். அப்பா அதைப் படித்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மூங்கில் லாரியில் ஏறி இறங்கி வந்துவிட்டாராம். காலையில் காபிக்கு ஆள் கூட, அதனால் பால் கூட. அந்த அடித்துவிட்ட இரண்டு பள்ளிகளுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர்களை வரச்சொல்லிப் போய்வந்திருக்கிறார், அதுவும் டைரியில் இருக்கிறது. நாற்பது வருடம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது.

நீங்களும் ஒரு நீள நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் அலுவலகத் தாள் சொல்வது, இரண்டாவதில் வீட்டுத் தாள் சொல்வது, மூன்றாவதில் இன்னும் உயிரோடு இருப்பவர் சொல்வது. வரவு செலவு நோட்டு இல்லாவிட்டால் பால் அட்டை, நகைக்கடன் ரசீது, பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் போட்ட கையெழுத்துத் தேதி, எதுவும் உதவும். ஒவ்வொரு நாளையும் ஒப்பிட முடியாது. அடித்தல் திருத்தல் இருக்கும் நாட்களை முதலில் எடுங்கள்.

அடுத்து பள்ளிகளுக்கு நேரில் போக வேண்டும். ஆய்வுக்கு வருபவர் தன் கைப்பட எழுதும் பார்வைப் பதிவேடு பள்ளியில் இருக்கும். பழையது எல்லா இடத்திலும் கிடைக்காது. நான் போன 14 பள்ளிகளில் மூன்றில்தான் கிடைத்தது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து போனில் படம் எடுத்தேன். ஒன்றில் அப்பா எழுதியிருந்தார்: 'மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. உட்கார்ந்து பார்த்தேன்.' தரையில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களைப் பார்க்கும்போது, 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று கேட்காதீர்கள். 'தங்கமான மனுஷர்' என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எதில் வந்து இறங்குவார், முதலில் எந்த வகுப்புக்குப் போவார், மத்தியானம் எங்கே சாப்பிடுவார் என்று கேளுங்கள். "சார் டிபன் கேரியர் கொண்டாந்துடுவார்மா. நாங்க கோழி அடிச்சுடப் போறோம்னு பயம் அவருக்கு" என்றார் ஒரு டீச்சர். அந்த டிபன் கேரியருக்காக அம்மா நாலரை மணிக்கு எழுந்தது எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே பக்கத்தில் வரவேண்டும்.

நாட்டு வரலாற்றை அளவாகச் சேருங்கள். காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர்க்காரர்களின் பங்கும் சேர்ந்துதான் அப்போது அது நடந்தது. அப்பா சேர்ந்த புதிதில், 20 வயதுப் பையனாக, வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் காமராஜரை எழுதினேன். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது அப்பா ஆய்வு செய்பவராக இருந்தார், அங்கே ஒரு பத்தி. அவ்வளவு போதும்.

தவறுகளையும் எழுதுங்கள். அடிக்கடி வராமல் இருந்த ஓர் ஆசிரியர் மீது அப்பா அறிக்கை அனுப்பி, அவருக்குச் சம்பள உயர்வு நின்றுபோனது. மனைவிக்குக் காசநோய் என்று பிறகு தெரிந்திருக்கிறது. 'விசாரிக்காமல் எழுதிவிட்டேன்' என்று டைரியில் இருக்கிறது. இதைச் சேர்க்கலாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆசிரியர் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சேர்த்தேன். அப்பா மறைக்க நினைத்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார். அதேபோல, என் அக்காவின் தலைப்பிரசவத்தின்போது அவர் பத்தாம் வகுப்புத் தேர்வு மையத்தில் இருந்தார். அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் முழுவதையும் வீட்டில் மூத்தவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கு வாசிக்க ஏழு சாயங்காலம் ஆனது. பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்பா கறுப்பு சைக்கிளில் முதல் பள்ளிக்குப் போன இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "கறுப்பு அப்புறம் வாங்கினதும்மா. மொதல்ல பச்சை. எங்கப்பா வாங்கிக் கொடுத்தது."