திருமலை வெயிலில் கமெரா பற்றரியைப் பாதுகாப்பது எப்படி?

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் மதியம் வெளியே நின்றால் நிழலில்கூட உடம்பு வேகும். அந்த நேரத்தில் பூட்டிய வான் வண்டிக்குள் கிடக்கும் பற்றரி என்ன பாடுபடும்? நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் படகேறிய நாட்களில், முழுதாக நிரப்பிய மேலதிக பற்றரியை வானிலேயே விட்டுவிட்டுப் போவது என் வழக்கம். ஒரு நாள் அது கமெராவுக்குள் இறுகிக்கொண்டது. மெதுவாகத் தட்டி எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தேன். தட்டையாக இருக்க வேண்டியது பம்பரம் போலச் சுழன்றது. வயிறு ஊதியிருந்தது.

இன்றைய கமெராக்களில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் அயன் பற்றரி. 7.2 வோல்ட் என்று எழுதியிருந்தால் உள்ளே இரண்டு செல்கள். நிரம்பியதும் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையிலேயே சூட்டில் கிடந்தால் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும். ஊதுவது அதனால்தான்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் சார்ஜ். வெயிலில் இருந்து வந்த கையோடு போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. மெத்தை, தலையணை வேண்டாம், சீமெந்துத் தரை நல்லது. விளக்கு நிறம் மாறியதும் கழற்றிவிடுங்கள். விடியற்காலை கோணேசர் மலையில் சூரியோதயம் எடுக்கப் போகிறீர்களா? முதல் நாள் மாலையே முழுதாக நிரப்புங்கள், தப்பில்லை. வேலையில்லாமல் வாரக்கணக்கில் நிரப்பியபடி வைப்பதுதான் கெடுதல்.

அடுத்தது உப்பு. கடற்கரையில் படம் எடுத்து வந்த அன்றே பற்றரியை வெளியே எடுத்து, அந்தச் சின்ன உலோகத் தகடுகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். தண்ணீர் வேண்டாம்.

வாடை மழை தொடங்கியதும் பலர் கமெராவை மூட்டை கட்டிவிடுவார்கள். அப்போது பற்றரியைக் கமெராவிலிருந்து கழற்றி, 40 முதல் 60 சதவீதம் சார்ஜில் வையுங்கள். மூடி போட மறக்காதீர்கள். சில்லறையோ சாவியோ முனைகளில் பட்டால் ஷோர்ட்டாகித் தீப்பிடிக்கலாம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். தகரக் கூரைக்குக் கீழே உயரமான தட்டு கூடாது. பிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சார்ஜ் அடியில் இறங்கியிருந்தால் பாதிவரை ஏற்றுங்கள்.

ஊதிய பற்றரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், இன்னொருமுறை சார்ஜ் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். குப்பையோடு போட்டால் லொறிக்குள் நசுங்கித் தீப்பற்றும்.

விமானப் பயணமென்றால் மேலதிக பற்றரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். 7.2 வோல்ட், 2000 மில்லி அம்பியர் மணி (அதாவது 2 அம்பியர் மணி) என்றால், இரண்டையும் பெருக்க 14.4 வாட் மணி. 100 வாட் மணிவரை பொதுவாகத் தடையில்லை. அப்போதும் மூடி இல்லாதவற்றின் முனைகளுக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.