மார்பக அழகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலியைச் சமாளிப்பது எப்படி?

மார்பகத்தைப் பெரிதாக்கவோ, சிறிதாக்கவோ, தூக்கி நிறுத்தவோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் கடினம். “நீயாக விரும்பிச் செய்துகொண்டதுதானே, பொறுத்துக்கொள்” என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வலிக்குப் பயந்து மூச்சை அடக்கி, அசையாமல் கிடந்தால் உடம்பு தேறுவது தள்ளித்தான் போகும்.

படி 1: ஆபரேஷனுக்கு முன்பே மூன்று விஷயங்களை டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாமா, இரவில் கூப்பிட வேண்டிய எண் எது. அன்றாடப் பொருட்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துவிடுங்கள். கையைத் தூக்க வேண்டியிருக்காது.

படி 2: மாத்திரை. பலரும் தவறு செய்வது இங்கேதான். மரத்துப்போக ஊசி போட்டிருப்பதால் முதல் சில மணி நேரம் வலி தெரியாது. “வலிக்கவில்லையே” என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டால், ஊசியின் வேகம் குறைந்ததும் வலி மொத்தமாக வந்து நிற்கும், அப்புறம் அடக்குவது சிரமம். முதல் சில நாட்களுக்கு டாக்டர் சொன்ன நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துப் பாருங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாகப் போட வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம். டிரமடால் போன்ற கடுமையான மாத்திரை தந்திருந்தால் வண்டி ஓட்டாதீர்கள், மது கூடவே கூடாது. அந்த மாத்திரை மலச்சிக்கலையும் கொண்டுவரும். முக்கினால் மார்பிலும் வலிக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மலமிளக்கி வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வலி தணிந்ததும் முதலில் நிறுத்த வேண்டியது டிரமடால் போன்ற அந்தக் கடுமையான மாத்திரையைத்தான்.

படி 3: மல்லாந்து, தலையணைகளை அடுக்கித் தலையையும் முதுகையும் உயர்த்திப் படுங்கள். வீக்கம் குறையும், எழுவதும் சுலபம். எழும்போது கையை ஊன்றாமல் காலின் பலத்தில் எழுங்கள்.

படி 4: டாக்டர் தந்த பிராவை அவர் சொல்லும்வரை போட்டிருங்கள். ஐஸுக்கு அனுமதி இருந்தால் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் மட்டும் வையுங்கள். சூடான ஒத்தடம் வேண்டாம். தோல் மரத்திருப்பதால் சுட்டாலும் தெரியாது.

படி 5: அன்றே மெல்ல நடக்கத் தொடங்குங்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது உதவும். கனமான எதையும் தூக்காதீர்கள். இருமல் வந்தால் சின்னத் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

தசைக்கு அடியில் இம்பிளான்ட் (மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பை) வைத்தவர்களுக்கு நெஞ்சை இறுக்கிக் கட்டியதுபோல இருக்கும். சில வாரங்கள் கழித்து மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீர் என்று குத்தலாம்; பெரும்பாலும் அது நரம்புகள் தேறுவதன் அடையாளம், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை வேறு. ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, கல்போல இறுகி வலித்தால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் எல்லாம் தொற்றின் அறிகுறிகள். இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ போன் செய்துகொண்டிருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.