ஃபுளோரைடு அளவுகளைச் சேர்த்து வைக்கும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல்களில் ஃபுளோரைடு சோதித்த முடிவுகள் பெரும்பாலும் எக்செல் ஷீட்டாகவே கிடக்கும். இரண்டு ஷீட்டை ஒட்டப் போனால்தான் வம்பு தெரியும்.

போர், மாதிரி, முடிவு என்று மூன்று டேபிள் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் திணித்தால் ஊர்ப் பெயரை வரிக்கு வரி அடிக்க வேண்டும். பாலக்கோடு நாலு விதமாக வந்து நிற்கும். ஒவ்வொரு போருக்கும் கொடுக்கும் அடையாள எண்ணில் மாவட்டத்தைச் சேர்க்காதீர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004 பிப்ரவரிக்கு முன் எடுத்த ஓசூர், ஊத்தங்கரை மாதிரிகள் தர்மபுரிக் கணக்கில்தான் இருக்கும். 10001 என்று வெறும் எண்ணாகத் தொடங்குங்கள். 0001 என்றால் எக்செல் சைபர்களைத் தின்றுவிடும்.

தண்ணீர் போரிலிருந்தா, ஒகேனக்கல் திட்டத்தில் காவிரி நீர் வரும் குழாயிலிருந்தா என்பதற்குத் தனிக் கட்டம் கட்டாயம். குழாயில் பிடித்ததைப் போர்க் கணக்கில் எழுதினால் ஃபுளோரைடு திடீரென இறங்கியது போலக் காட்டும்.

இடக்குறிப்பில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். தர்மபுரி நகரம் சுமார் 12.13 வடக்கு, 78.16 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் உங்கள் போர் ஸ்வால்பார்டு தீவுக் கடலில் இருக்கும். மேப்பில் பார்த்ததும் பிடித்துவிடலாம். பிடிபடாதது வேறு: 12 டிகிரி 7 நிமிடம் 30 விநாடி என்பது 12.125. அதையே 12.0730 என்று எழுதினால் போர் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் தள்ளி, நம்பும்படியான வேறொரு ஊரில் போய் உட்காரும். தசமத்தில் நாலு இலக்கம் போதும், 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும்.

கருவி காட்ட முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் 0 போடாதீர்கள், சராசரி பொய்யாகும். ஒரு கட்டத்தில் '<' குறி, அடுத்ததில் 0.1 என்று கண்டறியும் எல்லை. காலிக் கட்டம் என்றால் சோதிக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

சோதனை முறையையும் எழுதுங்கள். சாயத்தின் நிறம் மங்குவதை வைத்து அளக்கும் ஸ்பாட்ன்ஸ் (SPADNS) முறையில், தண்ணீரில் அலுமினியம் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். ஃபுளோரைடு எலெக்ட்ரோடு (மின்முனை) வைத்து எடுத்த அளவோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. 'குடிக்கலாம்', 'கூடாது' என்று பதியவே வேண்டாம். இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்புடையது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. எண் இருந்தால் தீர்ப்பை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

தேதி 2024-03-04 (ஆண்டு-மாதம்-நாள்) என்ற வடிவில். 3/4 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று கம்ப்யூட்டரே முடிவு செய்துவிடும்.

ஆய்வகம் தந்த மூல ஃபைலைத் தொடவே கூடாது. திருத்தம் தனி டேபிளில்: பழைய அளவு, புது அளவு, காரணம், யார், எப்போது. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டிடத்தில். மாதம் ஒருமுறை பேக்கப்பைத் திறந்து வரிகளை எண்ணிப் பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்ப முடியாது.